எக்ஸ்ரேயில் விழாதது

சோகார் மருத்துவமனையில் எங்கள் படுக்கை கருப்பு.
கார்பன் ஃபைபர்.
கதிர் அதைக் கண்டுகொள்ளாமல் போகும்,
மேலே கிடப்பவரின் எலும்பில்தான் நின்று பேசும்.
பதினோரு வருடமாக அதன்மேல்
சாரத்திலிருந்து விழுந்தவர்களை,
ஒட்டகம் குறுக்கே வந்த கார்க்காரர்களை,
ஈரத்தரையில் வழுக்கிய ஒரு கணக்கு டீச்சரை இரண்டு தடவை,
மூச்சை இழு, பிடி, விடு என்று
மூன்று மொழியில் படுக்க வைத்திருக்கிறேன்.

ராத்திரி வீட்டில் வேறு கருப்பு.
வெளிவிட்டம் பதினாறு மில்லி, உள்ளே பதினாலு,
சாப்பாட்டு மேசைமேல் நான்கு குழாய்.
ட்ரோனின் கைகள்.
கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டீவி முன்னால் போய்விடுவார்.
கோபமில்லை, தூளுக்குப் பயம்.
நியாயமான பயம்தான்.
டேப் சுற்றி, தண்ணீர் விட்டு,
பொடிப்பல் ரம்பத்தால் நிதானமாக அறுத்தாலும்
கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஒன்று
மறுநாள் கையுறைக்குள் வந்து குத்தும்.

அலுமினியம் என்றால் நசுங்கிக் காட்டும்.
இது காட்டாது.
நல்லபிள்ளையாய் நேரே நின்று
ஒருநாள் நடுவானத்தில்
கையை விரித்துவிடும்.

சும்மா ஓர் ஆசைக்கு, ஷிஃப்ட் முடிந்து
குழாய் ஒன்றைப் படம் எடுத்தும் பார்த்தேன்.
புகை மாதிரி ஒரு நிழல், அவ்வளவு.
விரிசல் பார்த்துப் பிழைக்கிற என் படிப்பு
அங்கே செல்லவில்லை.
ஐம்பது பைசா நாணயம் செல்லும்.
தட்டிக்கொண்டே போக வேண்டும்
டிங், டிங், டிங்,
டொக்.
அந்த டொக்கைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

மே மாதம், ஊருக்கு மேற்கே சரளைவெளியில்,
அனுமதிச் சீட்டில் எழுதிய உயரத்துக்குள்தான்,
பின் இடது கை முறிந்தது.
வட்டம் போட்ட இடமில்லை.
அதற்கு இரண்டு விரல் தள்ளி.
புதுக் குழாய் வர மூன்று வாரம்,
கஸ்டம்ஸில் எத்தனையோ.

அதே வாரம் முத்திருளாண்டி வந்தார்.
துறைமுகத்தில் ரிக்கர், சாயல்குடிப் பக்கம்.
வேலையில் விழவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம்.
லீவு நாளில் அலைதடுப்புப் பாறையில்
மீன் பிடிக்கப் போய், பாசி.
"கையும் போச்சு மேடம், கம்பும் போச்சு.
கம்பு பதினெட்டு ரியால்."
கைக்கு எத்தனை என்று அவர் சொல்லவில்லை.

முன்கை எலும்பு இரண்டும். படம் தெளிவாக விழுந்தது.
நான் கேட்டதெல்லாம் கம்பைப் பற்றி.
கருப்பா? எடையே இல்லாததா?
முறிந்த வாய் நார்நாராய் நிற்கிறதா?
அடிபட்டது தனக்கா இந்தம்மாவுக்கா என்று
ஒரு பார்வை பார்த்தார்.

அவர் அறைக்காரர் ஒருவர் அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
தூண்டில் கம்பு நுனிக்குப் போகப் போக மெலியும்.
போகிற வழியில் எங்கோ ஓரிடத்தில்
அது பதினாலு மில்லியாக இருந்தே தீர வேண்டும்.
அந்த இடத்தைத் தேடி
ஆறு விரற்கடை வெட்டி, முறிந்த இரண்டு துண்டுக்கும் உள்ளே
எபாக்ஸியோடு இறக்கினேன்.
தொடை எலும்புக்குள் ஆணி இறக்குவார்களே, அதே வேலை.
மேலே நூல் சுற்றினேன்.
பசை இறுக ஏசியை அணைத்தேன்.
கணவர் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை,
போர்வையை உதைத்தார்.
காலையில் தட்டினால்
டிங்கும் இல்லை, டொக்கும் இல்லை,
நான் பெயர் வைத்திராத ஒரு சத்தம்.

ஆறாம் வாரம் செக்கப் படத்துக்கு வந்தவரை
வெள்ளிக்கிழமை சரளைவெளிக்கு வரச் சொன்னேன்.
தகடும் திருகும் அவர் கைக்குள்,
அவர் கம்பு என் ட்ரோனின் கைக்குள்.
ஏறியது. இருபதடியில் நின்றது.
பின் இடப்பக்கம் மட்டும்
விட்டுவிட்டு, கீழ்நோக்கி, லேசாய் ஒரு வெட்டு.
ட்ரிம்மைத் திருப்பப் போனேன்.

"இருங்க மேடம், தொடாதீங்க."
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி
வானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:
"கொத்திப் பாக்குது.
இன்னும் முழுங்கல."